கடைசிப் பெட்டி

வெள்ளித்தட்டில் பீடா வந்தது.

அவர் வேண்டாம் என்று கையசைத்தார். மகன் தனபாலன் இரண்டை எடுத்து ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டான்.

அது ரயிலின் கடைசிப் பெட்டி. பின்பக்கம் திறந்தவெளியாக, பித்தளைக் கம்பி போட்ட பால்கனி. சாப்பாடு முடித்த ஏழெட்டுப் பேர் சாய்வு நாற்காலிகளில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். காலடியிலிருந்து தண்டவாளம் பின்னோக்கி ஓடியது.

நான்கு நாள் சொகுசு ரயில் பயணம். தனபாலன்தான் ஏற்பாடு செய்தான். முப்பத்து நான்கு வருடம் கேங்மேனாகத் தண்டவாளத்தோடு நடந்த அப்பாவை ஒரு தடவையாவது ரயிலில் ராஜா மாதிரி உட்காரவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அவருக்குக் கூச்சமாக இருந்தது. மறுக்க மனம் வரவில்லை.

மதியம் பதினோரு வகை. பாதியைத் தொடாமலே எடுத்துப்போனார்கள். கை துடைக்க ரோஜா வாசனையில் சூடான துண்டு கொடுத்தார்கள். எதிர் மேசைக்காரர் அதில் கையைத் துடைத்தார். பிறகு குனிந்து தன் ஷூவைத் துடைத்தார்.

அதே மனிதர்தான் இப்போது தனபாலனுக்குப் பக்கத்து நாற்காலியில். அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்று தனபாலன் சொல்லியிருந்தான். அந்த மனிதர் இவரை அதிகாரி என்று எடுத்துக்கொண்டு வணக்கம் வைத்தார்.

யாரும் திருத்தவில்லை.

விமானம் என்றால் பார்சல் மாதிரி, ஏற்றி இறக்கிவிடுவான் என்று தனபாலன் சொல்லிக்கொண்டிருந்தான். காரில் போனால் டோல்கேட், இடுப்பு வலி, ரோட்டோரக் குப்பையெல்லாம் கண்ணில் படும்.

"இதுதான் சார் சொகம். மண்ணுல கால் படாம ஊரப் பாத்துக்கலாம்."

ரயில் வேகம் குறைந்தது.

ஏன் என்று மற்றவர்கள் கேட்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. முன்னே பாதையில் வேலை நடக்கிறது. ஊர்ந்துதான் போகும்.

பால்கனி அந்த இடத்தைக் கடந்தது. ஆரஞ்சுச் சட்டையில் ஆறு பேர், கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

ஐந்து பேர் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

ரயில் போகும்போது அப்படித்தான் நிற்க வேண்டும். எச்சில் வரும், மிச்சச் சோறு வரும், கக்கூஸ் தண்ணீர் வரும். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அது பழகிவிடும்.

ஆறாவது ஆள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். புதிதாகச் சேர்ந்தவள் போல. அவள் முகத்தைத் திருப்பவில்லை. இத்தனை அழகான ரயிலை அவள் பார்த்ததில்லை. லேசாகச் சிரித்தபடி நின்றாள்.

தனபாலன் பேச்சை நிறுத்தினான். எக்கினான். கம்பிக்கு வெளியே துப்பினான்.

சிவப்பாகப் போய் விழுந்தது. அவள் கன்னத்தில், கழுத்தில், சட்டையில்.

ரயில் மெதுவாகப் போனது. அதனால் எல்லாவற்றையும் அவர் பார்க்க நேர்ந்தது. அவள் உடனே துடைக்கவில்லை. முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போவதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிட்டு, வராத இருமலை இருமினார்.

தனபாலன் பார்க்கவே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். பல்லிடுக்கில் சிவப்பு.

அவர் அந்த வாயையே பார்த்தார். சோறு பிசைந்து ஊட்டிய வாய். உடம்பு கூசியது. ஏதாவது சொல்ல வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. எல்லோரையும் அரண்மனை பார்க்கக் கூட்டிப்போக ஏசி பஸ் நின்றிருந்தது. கால் வலிக்கிறது, நீ போ என்றார் மகனிடம்.

தனபாலன் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டான். அப்பாவுக்கு இஞ்சி டீ கொடுங்கள் என்று பணியாளிடம் இரண்டு தடவை சொன்னான். அப்புறம்தான் போனான்.

பஸ் மறைந்ததும் அவர் இறங்கினார்.

வந்த வழியே தண்டவாளத்தை ஒட்டி நடந்தார். மகன் வாங்கித் தந்த புதுச் செருப்பு ஜல்லியில் வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மைல் இருக்கும்.

மற்றவர்கள் வேலையில் இருந்தார்கள். அவள் மட்டும் கருவேல நிழலில், சேலைக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி நனைத்து, மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். கறை போயிருக்கவில்லை. கழுத்தில்கூட இன்னும் கொஞ்சம் இருந்தது.

கடப்பாரைகள் நின்றன. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

"துப்புனது என் மவன்மா."

அவள் நிமிர்ந்தாள். திட்டட்டும் என்று நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவருடைய பட்டுச் சட்டையைப் பார்த்தாள். வெறுங்காலைப் பார்த்தாள். நகர்ந்து நிழலில் இடம் விட்டாள்.

பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள்.

"அந்த ரயிலுக்குள்ள எப்பிடிய்யா இருக்கும்?"

சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

ஜல்லியில் கையூன்றிக் குனிந்தார். தின்றதெல்லாம் வந்தது. நிற்காமல் வந்தது.

அவள் சட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

ஈரக் கையால் அவருடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.