மிச்சமிருந்த மஞ்சள்

“எதையும் யோசிக்காதீங்க. எந்தக் கலர் கூப்பிடுதோ அதை எடுங்க, கை போற போக்குல விடுங்க” என்று சொல்லி, அக்ரிலிக் டப்பாக்களைத் திறந்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள் ஓவிய ஆசிரியை. திரும்பி வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

முதல் வரிசைக் கண்ணாடிக்காரம்மாவின் கேன்வாஸ் முழுக்க இளம்பச்சை. வலது ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை மஞ்சள். கடைசி வரிசைக் கொண்டைக்காரம்மாவின் கேன்வாஸிலும் அதே பச்சை, அதே ஓரம், அதே மஞ்சள்!

வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே இருவருக்கும் ஆகாது.

“ஏம்மா, மனசுல தோணுறதைப் போடச் சொன்னா, அவங்களைப் பார்த்துக் காப்பியடிக்கிறீங்களே?”

“இவளைப் பார்த்தா? இவ மூஞ்சியில முழிக்கவே கூடாதுன்னு இருக்கேன் நான்!” என்று வெடித்தாள் கொண்டைக்காரம்மா.

கண்ணாடிக்காரம்மா எழுந்து வந்து அந்தப் படத்தின் முன் நின்றாள்.

“எங்க ரூம் சுவரு. பச்சை போதாம, ஓரத்துக்கு மட்டும் மிச்சமிருந்த மஞ்சளை அடிச்சாரு அப்பா. அந்த வீட்டை வித்ததோட எங்க பேச்சும் நின்னுபோச்சு.”

“யாரோட அப்பா?” என்றாள் ஆசிரியை. கண்ணாடிக்காரம்மா கொண்டைக்காரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“கீழ கரிக்கோடு கிறுக்கினியே, அதை ஏன்டி விட்டுட்ட?”

கொண்டைக்காரம்மா தூரிகையைக் கறுப்பில் தோய்த்து நீட்டினாள்.

“கிறுக்கினது நான். அடி வாங்கினது நீதானேக்கா? நீயே போடு.”