நான்காவது ரொட்டி

குளிர்காலம் வந்தால் கடலோர ஊரான எஸ்ஸவீராவுக்குக் காற்றைத் தவிர யாரும் வருவதில்லை. விடுதிக்காரி இத்தோவுக்கு மட்டும் ஒரு டச்சுக்காரர் வாய்த்தார். அவரும் போனால் வசந்தம்வரை ஈயோட்ட வேண்டியதுதான்.

மாடியில் கூரை விழுந்து பூட்டிக் கிடக்கும் அறையின் சாவியை அடையாளமாக மாவில் அழுத்தி, மூன்று ரொட்டிகளைத் தெருவுக்கே பொதுவான ரொட்டி அடுப்புக்கு அனுப்பினாள்: தனக்கு, கணவனுக்கு, அவருக்கு. நான்கு வந்தன.

"இது யாரோடதுடா, புஷைப்?"

"உன் சாவித் தடம்தானே இருக்கு? என்னைக் கேக்கறியே அக்கா!" என்றான் அடுப்புக்காரன்.

டச்சுக்காரர் இரண்டை எடுத்துக்கொண்டார். "பக்கத்து ரூம்காரரால படி இறங்க முடியலையாம், பாவம்."

பக்கத்து அறைதான் அந்தப் பூட்டிய அறை. சொன்னால் மனுஷன் இன்றே மூட்டை கட்டுவார். இத்தோ இரண்டு கோப்பைத் தேநீரும் ஊற்றிக் கொடுத்தாள்.

வம்பே வேண்டாமென்று மறுநாள் நான்காகவே அனுப்பினாள். ஐந்து வந்தன.

"பக்கத்து ரூம்காரரைப் பாக்க ஆள் வந்திருக்கு," என்று டச்சுக்காரர் மூன்றை எடுத்துக்கொண்டு மாடியேறினார்.