அக்குள் தையல்

"இதத் தைச்சவங்கள்ல ஒருத்தராவது இத உடுத்துக்கொண்டு என்ட வாளுக்கு முன்னால நிப்பீங்களா, தங்கச்சி?"

ஜோர்ஜ் கேட்டதும் பஸீனா உதட்டில் பிடித்திருந்த ஊசியை எடுத்துச் சட்டைக் கையில் குத்திக்கொண்டாள்.

"நான் நிக்க மாட்டன், சேர். முதுகில ஒப்பரேசன் செஞ்ச ஆள் நான்."

"பாத்தீங்களா? தைச்ச ஆளே நம்பாத ஜாக்கெட்ட நான் எப்பிடி என்ட ஆக்களுக்குக் குடுக்கிறது?"

தில்லையடிப் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்தது அந்தத் தையல் கூடம். ஜோர்ஜ் சிலாபத்துக்காரர். அறுநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் இரண்டு கையாலும் பிடித்துச் சண்டையிட்ட நீண்ட வாளை, பழைய புத்தகப் படங்களைப் பார்த்துப் பழகும் கூட்டம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. வங்கிக்காரர், டாக்டர், கம்பியூட்டர் வேலை செய்பவர் என்று பலரும் சனிக்கிழமையானால் வாளோடு வந்துவிடுவார்கள். அவர்களைப் பழக்குபவர் இவர். முனை மழுங்கிய வாள்தான். ஆனாலும் ஓங்கிக் குத்தினால் விலா எலும்பு தாங்காது. அதற்காகத்தான் பல மடிப்புத் துணியும் கம்பளியும் வைத்துத் தைத்த இந்தத் தடித்த ஜாக்கெட்.

சரிவந்தால் அறுபது ஜாக்கெட்டுக்கு ஓடர். கூடத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் வருசம் முடியும்வரை வேலை. சரிவராவிட்டால் வழமைபோல வெளிநாட்டிலிருந்தே எடுப்பார்கள். போன மாதம் காட்டிய முதல் ஜாக்கெட் தோற்றுப்போனது. அக்குள் தையலில் வாள்முனை புகுந்து ஒரு சாண் கிழித்துவிட்டது.

"முதலாளி சுல்பா எங்க?"

"உள்ளுக்குத்தான் இருக்கிறாங்க, சேர். இது முடிஞ்சதும் கதைப்பாங்க."

ஜோர்ஜ் தனக்குள் சிரித்துக்கொண்டார். போன முறை அந்த மனுசியின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இன்று முன்னால் வரப் பயம் போலும்.

நடுத்தூணோடு சேர்த்துப் புது ஜாக்கெட்டை உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். தலைக்கு, போன முறை அவர் அளவு பார்க்க விட்டுப்போன கம்பிவலை முகக்கவசம். கைகளுக்குத் தடித்த கையுறை. இடுப்பிலிருந்து தரைவரை கறுப்புத் துணி. அக்குள் தெரியும்படி வலது கையை மேலே ஒரு கயிற்றில் கொளுவியிருந்தார்கள். இரண்டடி தள்ளி ஒரு ஃபேன் அதைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன, பொம்மைக்கும் ஃபேனா?"

"புழுக்கம் தானே, சேர். கொஞ்சம் காத்துப் படட்டும்."

ஜோர்ஜ் உறையிலிருந்து வாளை எடுத்தார். பழக்க தோசம், எதிரில் நின்றதற்கு வாளை நெற்றிக்கு நேரே உயர்த்தி வணக்கம் வைத்தார். மெஷின் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. மரியாதை இல்லாம இதுல வாள் தூக்கக் கூடாது."

"இவ்வளவு தடிப்பா உடுத்தா அடி பட்டது எப்பிடித் தெரியும், சேர்?" என்று பஸீனா கேட்டாள். "நடுவர் சொல்லுவாரா?"

"நடுவர்ட கண்ணுக்குப் பாதி தெரியாது. பட்டவர்தான் தன்ட இடது கையத் தூக்கிக் காட்டோணும். பட்டும் தூக்காம நிக்கிறவரோட அடுத்த கிழமை ஒருத்தரும் வாள் பிடிக்க மாட்டாங்க."

"நல்ல வழக்கம்," என்றாள் பஸீனா. பிறகு கூடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "சரி, மூண்டு தரம். ஜாக்கெட்டில மட்டும். இப்பக் குத்துங்க, சேர்."

முதலாவது நெஞ்சில். வாள் வில்லாக வளைந்து நிமிர்ந்தது. இரண்டாவது தோளில் ஒரு வெட்டு. மெத்தையைத் தட்டிய சத்தம்தான் வந்தது.

"இறுக்கித்தான் கட்டியிருக்கிறீங்க. அசையவே இல்ல."

"அசையாது, சேர்."

மூன்றாவதற்கு ஜோர்ஜ் இரண்டடி பின்வாங்கி, உடம்பின் முழுப் பாரத்தையும் வைத்து அக்குளில் குத்தினார். முனை வழுக்கிக்கொண்டு போனது. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல்கூட அறவில்லை.

"என்ன நூல் இது?"

"கற்பிட்டியில வலை பின்னுற நூல். சுல்பா ராத்தாட யோசனை. அக்குளுக்குத் தனித் துண்டு ஒண்டு வெட்டி வச்சு, தையல வாள் போகாத பக்கத்துக்குத் தள்ளிட்டாங்க."

"கெட்டிக்காரிதான்." வாளை உறையில் போட்டுக்கொண்டே ஜோர்ஜ் யோசித்தார். "ஆனா அறுபது இப்ப எழுத மாட்டன், தங்கச்சி. பத்துத் தாங்க. கிழியாம இருந்தா மட்டும் காணாது, உள்ள நிக்கிற ஆளுக்கு நோகக் கூடாது. என்ட ஆக்கள் போட்டு ஆறு மாசம் பாக்கட்டும். நோகுதா இல்லையா எண்டு பொம்மை சொல்லாது தானே."

பத்து ஜாக்கெட் என்றால் மூன்று கிழமை வேலை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பஸீனா போய் ஃபேனை நிறுத்தினாள்.

தூணோடு நின்ற பொம்மை தன் இடது கையைத் தூக்கியது.

"மூண்டும் பட்டது, சேர்," என்றது கம்பிவலைக்குப் பின்னாலிருந்து சுல்பாவின் குரல். "நோகல்ல. அறுபதையும் எழுதுங்க."