தும்மாத கல்லறைத் திருநாள்

தீர்த்தச் செம்போடு பங்குச் சாமியார் நான்கு கல்லறை தள்ளி வந்துவிட்டார். கஸ்பாருக்கு இன்னும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

மனைவி அன்னாளின் கல்லறையருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். மூக்கு திறந்தே இருந்தது.

ஐப்பசி மழை பெய்தால் போதும், கல்லறைத் தோட்டமெங்கும் பார்த்தீனியச் செடி இடுப்புயரத்துக்குப் பூத்துவிடும். அந்த மகரந்தம் கஸ்பாருக்கு ஆகாது. கண்ணும் மூக்கும் கொட்டும். இளைப்பு வாங்கும். மூன்று வருடமாய், சாமியார் வருவதற்குள் கேட்டுக்கு வெளியே ஓடிவிடுவார். அன்னாளின் கல்லறையை மந்திரிக்கும்போது பக்கத்தில் ஆளிருக்காது.

இந்த வருடமாவது கூட நிற்கவேண்டும் என்று போன டிசம்பரிலேயே டாக்டர் ரஃபியாவிடம் போனார்.

"பூத்தப்புறம் மூச்சு வாங்க ஓடி வர்றீங்களே சார். பூக்குறதுக்கு முந்தியே உடம்பைப் பழக்கணும்."

அதே மகரந்தத்தின் சாரத்தைத் துளித்துளியாய் ஊசியில் ஏற்றினார். முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம். செப்டம்பர் பிறந்ததும் மூக்குக்கு ஸ்பிரே. கஸ்பார் ஒரு வேளை தவறவில்லை.

சாமியார் வந்தார். தீர்த்தம் தெளித்தார். கடைசி ஆமென் வரை கஸ்பார் அசையாமல் நின்றார்.

ஜெயித்துவிட்டார்.

பக்கத்துக் கல்லறையில் புருஷனுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மரியசெல்வி நிமிர்ந்தாள். மூன்று வருடமும் கேட்டு வரை பின்னால் ஓடிவந்து, அவரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, அரைமணி நேரம் ஆறுதல் சொன்னவள். அழுகிறார் என்று நினைத்திருந்தாள்.

கஸ்பாரும் திருத்தவில்லை.

"போன வருசம் பச்சப்புள்ள கணக்கா தேம்புனீக. இப்பக் கண்ணு காஞ்சு கெடக்கு! தேறிட்டீகண்ணே. எனக்கு டீ மிச்சம்."

சிரித்துக்கொண்டே பிளாஸ்க்கைத் தூக்கியவள், இரண்டு வரிசை தள்ளி விம்மிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் உட்கார்ந்தாள்.

வருடத்தில் யாராவது கஸ்பாரிடம் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் பேசுவது அந்த ஒரு நாள்தான்.

அவர் ஒரு பார்த்தீனியப் பூங்கொத்தை ஒடித்து மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில், சத்தமாக, பொய்யாய் ஒரு தும்மல் போட்டார்.

மரியசெல்வி திரும்பவில்லை. முன்வரிசையில் முதுகு காட்டி நின்ற யாரோ ஒருவர், பழக்கத்தில் வாழ்த்தினார்.

"நூறு வயசு."