இன்னொன்று கிடையாத மோட்டார்

ஓர் ஊரில் உயரமான குடிநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் காலடியில் கிடந்த மோட்டாருக்கு வாய் ரொம்ப நீளம். "ஊராட்சித் தலைவர் எனக்காகவே தனியா டெண்டர் விட்டு வாங்கினார். என்னை மாதிரி இந்த வட்டாரத்துலேயே இன்னொண்ணு கிடையாது" என்று தினமும் தொட்டியிடம் பீற்றிக்கொள்ளும்.

அது உண்மைதான். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரம் உடைந்தபோது, அதற்குப் பொருந்தும் சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. காலிக் குடங்கள் குழாயடியில் வரிசையாக நின்று காய்ந்தன. தொட்டிக்குள் பல்லி குடியேறியது.

கடைசியில் இந்த ஊரும் சுற்றியிருந்த மூன்று ஊர்களுமாக நாலு ஊராட்சிகளும் கூடிப் பேசி, ஒரே டெண்டரில் ஒரே மாதிரி மோட்டார்கள் வாங்கின. இந்த ஊருக்கு வந்த புது மோட்டார் அதிகம் பேசாது.

கோடையில் ஒருநாள் காலை அதன் சக்கரமும் உடைந்தது. போச்சு என்று தொட்டி கண்ணை மூடிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. நாலு ஊருக்கும் பொதுவாக வாங்கி வைத்திருந்த சக்கரம், அளவெடுத்துச் செய்தது போல உள்ளே உட்கார்ந்தது. தண்ணீர் குபுகுபுவென்று மேலே ஏறியது.

தொட்டிக்குப் புல்லரித்தது. "யாருப்பா நீ? அவ்வளவு பெரிய ஆளா?"

"அதெல்லாம் இல்லண்ணே. கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க."

தொட்டி கேட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம், வயல்களைத் தாண்டி, மலையடிவாரத்தில், எங்கும் ஒரே குரலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அங்கெல்லாம் ஓடுறது யாரு?" என்று தொட்டி மெல்லக் கேட்டது.

"அதுவும் நான்தாண்ணே" என்றது மோட்டார்.