கடைசியாக ஏறுபவர் பாட வேண்டும்

"விசில் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு. எங்க அந்தத் தொப்பியம்மா?" என்று வேன் படிக்கட்டில் நின்று கத்தினார் பி.டி. மாஸ்டர்.

கடற்கரை நகரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடுகிற சுற்றுலா வேன் அது. மாஸ்டரும் அதில் ஒரு பயணிதான். ஆனால் பள்ளிக்கூடம் அவருக்குத்தான் ஓய்வு கொடுத்ததே தவிர, அவருடைய விசிலுக்குக் கொடுக்கவில்லை. காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வந்து ஏறினார்.

ஏறிய கையோடு ஒரு சட்டமும் போட்டார். விசில் ஊதினால் எல்லோரும் ஓடி வந்துவிட வேண்டும். கடைசியாக ஏறுகிறவர், அடுத்த இடம் வரும்வரை எல்லோர் முன்னாலும் நின்று பாட வேண்டும்.

"ஒரு தடவை மானம் போனா, அடுத்த தடவை தானா ஓடி வருவாங்க" என்றார். வேனில் ரேடியோ ரிப்பேர் என்பதால் டிரைவரும் தலையாட்டிவிட்டார்.

குடை அகலத்துக்கு ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு தனியாக வந்திருந்த அந்த அம்மாளுக்கு மட்டும் மானம் போனதாகவே தெரியவில்லை. துறைமுகத்தில் அவர்தான் கடைசி. கேட்டால், கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டது, அது இறங்குவதைப் பார்க்காமல் வர மனசு வரவில்லை என்றார். மீன் சந்தையிலும் அவர்தான் கடைசி. ஒரு மீன் தன்னையே முறைத்துப் பார்த்ததாம். உப்பளத்தில் தொப்பி பறந்துவிட்டதாம். தொப்பி என்னவோ தலையில்தான் இருந்தது.

ஒவ்வொரு தடவையும் மாஸ்டரின் மனைவி ஏறி உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போதுதான் தொப்பியம்மா ஆடி அசைந்து வருவார். வந்ததும் கூப்பிடாமலே பாடவும் ஆரம்பித்துவிடுவார். முதல் பாட்டுக்கு, இஞ்சினில் ஏதோ சத்தம் வருகிறது என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார்.

"பாவம்ங்க, விடுங்க" என்று உப்பளத்திலேயே மனைவி சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் விடுவதாக இல்லை.

அவர் அவசரம் அவருக்கு. கடைசி இடம் கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் நின்று சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தி சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இந்தத் தொப்பியால் அதுவும் கெட்டுவிடும் போலிருந்தது.

"இருங்க, நானே போய் இழுத்துட்டு வரேன்" என்று இறங்கினார். இப்போது வேன் நின்றிருந்தது மீனவர் குப்பத்துக் கடற்கரையில்; மணலில் கிடந்த படகுகளுக்கு நடுவே குறுக்கு வழியில் விறுவிறுவென்று நடந்தார்.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்குப் பின்னால் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே அந்த அம்மாள் குத்துக்காலிட்டு ஒளிந்துகொண்டு எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, சின்னப் புள்ளையா நீங்க? எழுந்து வாங்க."

"சத்தம் போடாதீங்க சார். உங்க வீட்டம்மா இன்னும் வண்டி ஏறல."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். தூரத்தில் மணலில் அவர் மனைவி வந்துகொண்டிருந்தார். நாலடி நடப்பதும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுமாக. வேனில் தன் பக்கத்து சீட்டும் காலியாகத்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விசிலை ஊதிவிட்டு முதல் ஆளாக ஓடி ஏறுகிறவருக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

"முட்டி வலியாம். காலையிலயே சொன்னாங்க" என்றார் தொப்பியம்மா. "உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னாங்க. தெரிஞ்சா நடுரோட்டுலயே நிக்க வச்சு எக்ஸர்சைஸ் சொல்லித் தருவீங்களாம்."

மாஸ்டர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"நாலு பேர் முன்னாடி பாடணும்னா அவங்களுக்கு உசிரே போயிடுமாம். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது சார். அதான் அவங்களுக்குப் பின்னாடி ஏறிக்கிறேன். எனக்குப் பாட வராதுங்கறது எனக்கே தெரியும்."

மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். பிறகு அவரும் தொப்பிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

மனைவி மெதுவாக வேனை அடைந்து, கம்பியைப் பிடித்து ஏறும்வரை இருவரும் அசையவில்லை.

"இப்ப நீங்க போங்கம்மா" என்றார் மாஸ்டர்.

"அப்போ நீங்க?"

"நான் பின்னாடி வரேன்."

தொப்பியம்மா ஏறி உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் மாஸ்டர் வந்தார். வேனே வாயைப் பிளந்தது.

"என்ன சார், நீங்களே லேட்டு?" என்றார் டிரைவர்.

"ஒரு நண்டு குறுக்க வந்து வழி விடாம நின்னுடுச்சுப்பா."

மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கலங்கரை விளக்கத்தைப் பூட்டிவிடுவார்களே என்று பின் சீட்டிலிருந்து யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

"பூட்டினா பூட்டட்டும். மெதுவாவே போங்க" என்ற மாஸ்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இஞ்சினைப் பார்க்க இறங்கினார்.