பச்சை நாற்காலி

“யோவ், எழுந்திருக்கப் போறியா இல்லையா?”

எவந்தியா போட்ட சத்தத்தில் கரையில் இருந்த கடற்பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன. அவள் கணவன் அர்கீரிஸ் மட்டும் அசையவில்லை. கடற்கரை நடுவில் பச்சை நாற்காலியைப் போட்டு, வைக்கோல் தொப்பியை மூக்கு வரை இறக்கிவிட்டு, கையில் ஐஸ் காபியோடு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் ஊரில் இரண்டு காபிக்கடைகள். ஒன்றில் பச்சை நாற்காலி, இன்னொன்றில் நீல நாற்காலி. தாத்தா காலத்துக் கட்சிச் சண்டை. பச்சைக்காரன் நீல நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைக்கு அவனுக்கு வீட்டில் சாப்பாடு கிடையாது. கல்யாணத்துக்குக்கூட அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுதான் போவோம்.

இதைத் தெரிந்துகொண்டுதான் ஏதென்ஸிலிருந்து வந்த ஆமைச் சங்கத்துப் பெண் போன வருஷம் இந்தப் போட்டியை ஆரம்பித்தாள்.

“கடலாமைங்க பிளாஸ்டிக்கைத் தின்னு சாகுது. எந்தக் கட்சி அதிகக் குப்பை பொறுக்குதோ, அதுக்கு ஒரு முழு ஆட்டுக்குட்டி. தணல்ல சுட்டுத் தர்றோம்.”

ஆமைக்காக வராத கூட்டம் ஆட்டுக்காக வந்தது.

பச்சைக்கு எவந்தியா தலைவி. நீலத்துக்கு லாம்ப்ரோஸ். போன வருஷம் ஆடு நீலத்துக்குப் போய்விட்டது. தின்ற எலும்பை எவந்தியா வீட்டு வாசல் வழியாகவே கொண்டுபோய் நாய்க்குப் போட்டான் லாம்ப்ரோஸ். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருஷம் அவள் நம்பியதே அர்கீரிஸைத்தான். படகு எஞ்சினைத் தனியாளாகத் தோளில் தூக்குகிறவன்.

“அங்க லாரி டயர் ஒண்ணு புதைஞ்சு கிடக்குய்யா. நீ வந்து இழுத்தா ஆடு நமக்கு!”

“எனக்கு இடுப்பு வலி.”

“நேத்து கல்யாணத்துல அந்த ஆட்டம் ஆடினியே, அப்ப இடுப்பு எங்க போச்சு?”

“அங்கதான் போச்சு.”

வெயில் ஏறியது. என்ன இருந்தாலும் புருஷன் ஆயிற்றே என்று ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் மணலில் ஊன்றப் போனாள்.

“குத்தாதே!” என்று அலறினான் அர்கீரிஸ்.

“நிழல் குடுக்க வந்தவளையா கடிக்கிறே? கிட, காய்ஞ்சு கருவாடாப் போ!”

ஆமைச் சங்கத்துப் பெண் தராசோடு கரையின் மறுகோடியில் நின்றாள். அவள் கண்ணில் படாமல் லாம்ப்ரோஸ் ஒரு வேலை செய்தான். வண்டிக்குப் பின்னால் பழைய இரும்புக் கட்டிலைக் கட்டி, மணலைக் குப்பையோடு வாரிக்கொண்டு வந்தான். நேராக நாற்காலியை நோக்கி.

“தள்ளுடா சோம்பேறி!”

“சுத்திப் போ.”

“கரை என்ன உங்கப்பன் சொத்தா?”

“ஏத்திட்டுப் போயேன், பார்க்கலாம்!”

ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. லாம்ப்ரோஸ் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கினான். பச்சைக்காரர்களுக்கு ஒரே உற்சாகம். குப்பைதான் பொறுக்கவில்லை, அடியாவது கொடுப்பான் என்று காத்திருந்தார்கள்.

அர்கீரிஸ் அவன் காலரைப் பிடித்து இழுத்து, காதருகே ஏதோ சொன்னான். லாம்ப்ரோஸின் முகம் மாறியது.

“போடா, பச்சைக் கழுதை!” என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டு, கட்டிலை அவிழ்த்து வண்டியில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

“பயந்துட்டான்டா!” என்று பச்சை சிரித்தது.

சிரிப்பு தராசு வரைக்கும்தான். ஒரே ஒரு தர்பூசணி எடை வித்தியாசத்தில் நீலம் ஜெயித்தது. டயர் மணலிலேயே கிடந்தது.

எவந்தியாவுக்குக் கண்ணீர் முட்டியது. “வீட்டுப் பக்கம் வந்துடாதே. அந்த நாற்காலியையே கட்டிக்கிட்டு அழு!”

பொழுது சாய்ந்தது. நீலக் காபிக்கடையில் பாட்டு காதைப் பிளந்தது. கரையில் அர்கீரிஸ் மட்டும் அதே இடத்தில் இருந்தான். லாம்ப்ரோஸ் ஒரு தட்டோடு பூனை மாதிரி வந்தான்.

“அந்தப் பொண்ணுகிட்ட தனியாச் சொல்லிட்டேன். கூட்டம் கலைஞ்சதும் வேலி போட வரேன்னா. எங்கடா, காட்டு.”

அர்கீரிஸ் காலை அகட்டினான். நாற்காலியின் நான்கு கால்களுக்கு நடுவே மணல் உள்வாங்கியிருந்தது. அதில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று.

“கன்னி மாதாவே! காலையிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா, பெண்டாட்டிகிட்ட இந்த வாங்கு வாங்கியிருக்க வேண்டாமேடா!”

“போன வருஷம் திறந்தேனே. ஊரே செல்போனைத் தூக்கிக்கிட்டு வந்து மிதிச்சுது. ஒரு குஞ்சுகூட மிஞ்சல.”

மிதித்தவர்களில் லாம்ப்ரோஸும் ஒருவன். அவன் தட்டை நீட்டினான்.

“ரெண்டு பேருக்கும் இருக்கு. எவந்தியாவுக்குக் கொண்டு போ.”

“நீலக்கட்சி ஆட்டை அவ தொடமாட்டா.”

“ஆட்டுக்கு ஏதுடா கட்சி? நீ போ, அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் நான் உட்கார்றேன்.”

“நாற்காலியை மட்டும் நகர்த்தாதே. மண்ணு சரிஞ்சு குஞ்சுங்களை மூடிடும்.”

லாம்ப்ரோஸ் நாற்காலியைப் பார்த்தான். பச்சை. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். சிலுவைக்குறி போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

தட்டோடு நடந்தவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

“அர்கீரிஸ்! ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே!”

“ஆமைக்குஞ்சு விஷயம்தானே? நான் ஏன் சொல்லப்போறேன்?”

“அதை நாளைக்கு நீ தண்டோரா போட்டுக்கூடச் சொல்லு. நான் இதுல உட்கார்ந்ததை மட்டும் சொல்லிடாதே!”